தூங்கும் காட்டுநாய்களை விட்டு நகராதீர்கள்: சஃபாரிக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

காலை பத்து மணி இருக்கும். மோப்பானி மரத்தடியில் பதினோரு நாய்கள் ஒன்றின்மேல் ஒன்று தலைவைத்துப் படுத்திருந்தன. ஜீப்பில் இருந்தவர்கள் ஐந்து நிமிடம் படம் எடுத்தார்கள். "தூங்குது, வேற என்ன இருக்கு?" என்று ஒருவர் கேட்டார். வண்டி சிங்கத்தைத் தேடிக் கிளம்பிவிட்டது. என் முதல் பயணத்தில் நானும் அந்த வண்டியில்தான் இருந்தேன். சாயங்காலம் அதே மரத்தடிக்குப் போன வேறொரு வண்டிக்காரர்கள் தாங்கள் பார்த்ததை இரவுச் சாப்பாட்டின்போது சொன்னார்கள். நாய்கள் எழுந்து, ஒன்றையொன்று நக்கி, குருவிகளைப் போலக் கீச்சிட்டு, வாலைத் தூக்கிக்கொண்டு வட்டமடித்து ஓடி, பிறகு வரிசையாகப் புதருக்குள் போய்விட்டனவாம்.

அதற்குப் பிறகு தூங்கும் நாய்களை விட்டு நான் நகர்வதில்லை. புதிதாகப் போகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவதும் முதலில் இதுதான். காட்டுநாய் என்றாலே வேட்டை என்று நினைத்துக்கொண்டு போகிறோம். அவற்றின் குடும்ப வாழ்க்கை முழுக்க வேட்டைக்கு முன்னும் பின்னும்தான் நடக்கிறது.

இங்கே நான் பேசுவது ஆப்பிரிக்கக் காட்டுநாயைப் பற்றி. ஆசியக் காடுகளில் உள்ள செந்நாய் வேறு விலங்கு. வீட்டு நாய் காட்டுக்குப் போய் இப்படி ஆனதும் இல்லை. வீட்டு நாய்க்கு முன்னங்காலில் ஐந்து விரல், இதற்கு நான்குதான். வட்டமான பெரிய காதுகளும், கறுப்பு, பழுப்பு, வெள்ளை என்று யாரோ தூரிகையை உதறியது போன்ற தோலும் இதன் அடையாளம். ஆப்பிரிக்கா முழுவதும் சேர்த்தே சுமார் 6,600 நாய்கள்தான் மிச்சம் என்பது மதிப்பீடு. சிங்கத்தைவிடப் பல மடங்கு அரிது. அதனால் எங்கே, எப்போது போகிறோம் என்பதில் கொஞ்சம் யோசனை வேண்டும்.

எங்கே, எப்போது

போட்ஸ்வானாவின் வடபகுதி (ஒகவாங்கோ டெல்டா, மொரேமி, லின்யாண்டி), சிம்பாப்வேயின் மானா பூல்ஸ், ஹ்வாங்கே, சாம்பியாவின் தெற்கு லுவாங்வா, தான்சானியாவின் ருவாஹா, நியெரேரே, தென்னாப்பிரிக்காவின் குரூகர், மடிக்வே. இவற்றில் எங்கே போனாலும் வாய்ப்பு உண்டு. நியெரேரே என்பது பழைய செலூஸ் காப்பகத்திலிருந்து 2019-இல் பிரித்து உருவாக்கிய தேசியப் பூங்கா. பழைய பயணக் குறிப்புகளில் செலூஸ் என்றே இருக்கும், குழம்ப வேண்டாம்.

வாய்ப்பு என்பது உறுதி இல்லை. ஒரு கூட்டம் பல நூறு சதுர கிலோமீட்டர் பரப்பில் அலையும். இன்று இங்கே, நாளை இருபது கிலோமீட்டர் தள்ளி. ஆனால் வருடத்தில் ஒரு பருவத்தில் மட்டும் அவை ஓரிடத்தில் தங்கும்: குட்டி போடும் காலம். தென்பகுதி ஆப்பிரிக்காவில் அது குளிர்காலம், ஏறத்தாழ மே கடைசியிலிருந்து ஆகஸ்ட் வரை. ஆர்ட்வார்க் என்ற கறையான் தின்னும் விலங்கு தோண்டிவிட்டுப் போன பழைய வளையில் தாய் குட்டி போடும். மொத்தக் கூட்டமும் சுமார் மூன்று மாதம் அந்த வளையைச் சுற்றியே வேட்டையாடும். தேட வேண்டிய பரப்பு சுருங்கிவிடுவதால் கண்ணில் படுவதும் எளிது. இலை உதிர்ந்து புல் தாழ்ந்திருப்பது இன்னொரு வசதி. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் கென்யாவின் லைகிபியா போன்ற இடங்களில் இப்படி ஒரு குறிப்பிட்ட பருவம் கிடையாது.

என்னைக் கேட்டால் ஓர் இடத்தில் இரண்டு நாள், இன்னொரு இடத்தில் இரண்டு நாள் என்று பிரிக்காதீர்கள். ஒரே இடத்தில் ஐந்து நாள் இருங்கள். ஒரே கூட்டத்தை மூன்று முறை பார்த்தால்தான் எது யார் என்று புரியத் தொடங்கும்.

தேசியப் பூங்காக்களின் பொதுப் பகுதியில் வண்டி பாதையை விட்டு இறங்கக் கூடாது. பூங்காவை ஒட்டிய தனியார் காப்பகங்கள் பலவற்றில் இறங்கலாம், இருட்டிய பிறகும் இருக்கலாம். பணம் அதிகம்தான். ஆனால் நாய்களோடு கூடவே போய்ப் பார்க்க வேண்டுமென்றால் அந்த வேறுபாடு பெரிது. குரூகரில் சொந்தமாக வண்டி ஓட்டிக்கொண்டு போகிறவர்களுக்கும் ஒரு நல்ல செய்தி உண்டு. காட்டுநாய்களுக்குப் பாதையில் நடப்பது பிடிக்கும். விடிந்து வாசல் திறந்த முதல் ஒரு மணி நேரத்தில் தார்ச்சாலையிலேயே எதிரே வரும்.

கிளம்பும் முன்

8×42 பைனாகுலர் போதும். அதைவிடப் பெரியது வண்டி ஆட்டத்தில் கையில் நிற்காது. சிறிய நோட்டுப் புத்தகம், பென்சில், கடிகாரம். குளிர்காலத்தில் திறந்த வண்டியில் விடியற்காலையில் போனால் விரல் மரத்துப்போகும். கையுறையும் கம்பளித் தொப்பியும் கட்டாயம் வையுங்கள். ஆப்பிரிக்காவில் குளிரா என்று கேட்டவர்கள்தான் போர்வையைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம், வழிகாட்டியிடம் முதல் நாளே பேசிவிடுவது. "எங்களுக்கு யானை, சிங்கம் எல்லாம் பார்த்தாக வேண்டும் என்றில்லை. நாய்கள் கிடைத்தால் அங்கேயே இருக்கலாம். தூங்கினாலும் பரவாயில்லை" என்று சொல்லுங்கள். அவர்களில் பலருக்கு அது பெரிய சந்தோஷம். வண்டியில் வேறு பயணிகளும் இருந்தால் அவர்களிடமும் சொல்லிவையுங்கள், இல்லையென்றால் பத்து மணிக்கு வண்டி கிளம்பிவிடும். நான்கு மணிக்கு அதே மரத்தடிக்குத் திரும்பி வர ஏற்பாடு செய்தாலும் போதும். வெயில் நேரத்தில் அவை பெரும்பாலும் இடம் மாறாது.

முதல் அரை மணி: எது யார்

நாய்கள் கிடைத்ததும் கேமராவை எடுக்காமல் முதலில் எண்ணுங்கள். படுத்திருக்கும் குவியலில் காதுகளை எண்ணி இரண்டால் வகுப்பது எளிது.

அடுத்தது அடையாளம். ஒரு நாயின் தோல் கோலம் இன்னொன்றுக்கு இருக்காது. இரண்டு பக்கமும் வேறு வேறாக இருக்கும். முழுக் கோலத்தையும் நினைவில் வைக்க முயலாதீர்கள். "இடது தோளில் வெள்ளைத் திட்டு", "வலது காது கிழிந்தது", "வாலின் வெள்ளைப் பகுதி குட்டையானது" என்று ஒன்றுக்கு ஓர் அடையாளம் எழுதிக்கொண்டால் போதும். நான்கைந்து நாய்களுக்குச் செய்தாலே மாலையில் நடப்பது வேறு மாதிரி தெரியும். அதுவரை "ஒரு நாய் இன்னொரு நாயை நக்கியது" என்றிருந்தது, "காது கிழிந்தவன் எப்போதும் இவளிடமே போகிறான்" என்றாகிவிடும்.

அந்த "இவள்" பெரும்பாலும் தலைமைப் பெண்ணாக இருப்பாள். கூட்டத்தில் ஒரு தலைமை ஜோடி உண்டு. பெரும்பாலும் அந்த ஜோடிதான் குட்டி போடும். அவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது? சண்டையில் தேடாதீர்கள், காட்டுநாய்களிடம் சண்டை குறைவு. மூத்திரத்தில் தேடுங்கள். பெண் ஒரு புல் கொத்தில் காலைத் தூக்கி மூத்திரம் விடுவாள். உடனே ஓர் ஆண் வந்து முகர்ந்து அதே இடத்தின் மேலேயே விடுவான். சில சமயம் முன்னங்கால்களில் நின்றுகொண்டு பின்னுடம்பையே தூக்கிவிடுவான். அந்த இருவர்தான். நடக்கும்போதும் படுக்கும்போதும் அவன் அவளை ஒட்டியே இருப்பான். குட்டி போட்ட காலம் என்றால் தாயின் மடி தொங்கியிருக்கும்; தேடவே வேண்டாம்.

மற்றவர்கள் யார்? வழக்கமாக ஆண்கள் தங்களுக்குள் சகோதரர்கள், பெண்கள் தங்களுக்குள் சகோதரிகள், அப்புறம் தலைமை ஜோடியின் பல வயதுப் பிள்ளைகள். வளர்ந்த அக்கா தங்கைகளோ அண்ணன் தம்பிகளோ சேர்ந்து பிறந்த கூட்டத்தை விட்டுக் கிளம்பும். இன்னொரு கூட்டத்திலிருந்து அப்படி வந்தவர்களைச் சந்தித்தால் புதுக் குடும்பம் பிறக்கிறது. இரண்டு மூன்று நாய்களை மட்டும் தனியாகப் பார்த்தால், அவை எல்லாமே ஆணா அல்லது பெண்ணா என்று கவனியுங்கள். துணை தேடிக் கிளம்பிய உடன்பிறப்புகளாக இருக்கலாம்.

காத்திருப்பு

பதினொன்று முதல் நான்கு வரை பார்க்க ஒன்றும் இல்லை என்பார்கள். இருக்கிறது. யாரோடு யார் படுக்கிறார்கள் என்பதை ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை சின்னப் படமாக வரைந்துவையுங்கள். நிழல் நகர நகர அவை எழுந்து மாறிப் படுக்கும். அப்போது யார் யாரைத் தேடிப் போகிறார்கள் என்பது தெரியும். நொண்டும் நாயோ கிழ நாயோ இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். வேட்டைக்குப் பிறகு அதற்கு என்ன கிடைக்கிறது என்று பார்ப்பதற்காக.

எழுச்சியும் தும்மலும்

வெயில் தாழ்ந்ததும் ஒன்று எழும். நெட்டி முறிக்கும். தலையைத் தாழ்த்தி, காதுகளை மடக்கி, வாயைச் சற்றே திறந்துகொண்டு இன்னொன்றிடம் போய் அதன் வாயோரத்தை முட்டும். அது எழுந்தால் இரண்டும் மூன்றாவதிடம் போகும். திடீரென்று எல்லாம் எழுந்துவிடும். வால்கள் மேலே, கீச்சொலி பொழியும், ஒன்றின் அடியில் ஒன்று நுழையும், தோளோடு தோள் உரசி ஓடும். இந்தக் கும்மாளம் ஒரு நிமிடமும் இருக்கலாம், பத்து நிமிடமும் இருக்கலாம்.

வாயோரத்தை முட்டுவதைக் கவனியுங்கள். குட்டிகள் பெரியவர்களிடம் சாப்பாடு கேட்கும் அதே அசைவு அது. வளர்ந்த பிறகும் அதையே வணக்கமாக வைத்துக்கொண்டிருக்கின்றன. என்னைப் பொறுத்தவரை சவன்னாவில் பார்க்கக் கிடைக்கும் காட்சிகளில் இதற்கு இணை கிடையாது.

அப்புறம் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள், தும்மல் கேட்கும். மூக்கால் காற்றைச் சட்டென்று வெளியே தள்ளும் ஒலி. போட்ஸ்வானாவில் இத்தகைய 68 கும்மாளங்களைப் பதிவுசெய்து 2017-இல் வெளியிட்ட ஆய்வு, தும்மல் அதிகமானால் கூட்டம் வேட்டைக்குக் கிளம்பும் வாய்ப்பும் அதிகமாகிறது என்று காட்டியது. தலைமை ஜோடி தொடங்கியிருந்தால் மூன்று தும்மல் அளவில் கிளம்பிவிட்டன. கீழ்நிலை நாய் தொடங்கியிருந்தால் பத்து அளவுக்குத் தேவைப்பட்டது. ஓட்டு மாதிரிதான், ஆனால் எல்லா ஓட்டுக்கும் ஒரே மதிப்பில்லை. நீங்களும் எண்ணலாம். முதலில் எழுந்தது யார், தும்மல் எத்தனை, கிளம்பினவா, மறுபடி படுத்தனவா என்று நான்கு கட்டம் நோட்டில் போடுங்கள். மறுபடி படுத்துவிட்டால் ஏமாற வேண்டாம், அடுத்த முயற்சி கொஞ்ச நேரத்தில் வரும். இந்த நேரத்தில் வண்டியில் யாரும் பேசாமல் இருந்தால் நல்லது. கேமராவின் படபட ஒலியிலேயே தும்மல் தொலைந்துபோகிறது.

வேட்டையும் பந்தியும்

கிளம்பிய நாய்கள் மணிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடியவை. புதருக்குள் அவற்றைப் பின்தொடர்வது ஓட்டுநரின் திறமையைப் பொறுத்தது. அவரை அவசரப்படுத்தாதீர்கள். விளக்கடித்து வேட்டையைத் தொடர்வது எனக்கு உடன்பாடில்லை. இம்பாலா மானின் கண் கூசினால் அது நாம் செய்த கொலை.

நாய்கள் முறைவைத்து ஓடி இரையைக் களைப்படையச் செய்யும் என்று படித்திருப்பீர்கள். போட்ஸ்வானாவின் வடக்கில் ஒரு கூட்டத்துக்குக் கழுத்துப்பட்டைக் கருவிகள் மாட்டிச் செய்த, 2016-இல் வெளியான ஆய்வில் தெரிந்தது வேறு. புதர்க்காட்டில் ஒவ்வொரு நாயும் குறுகிய தூரம் தானாகத் துரத்துகிறது. அந்தத் துரத்தல்களில் ஆறில் ஒன்றுகூடச் சரியாகப் பலிப்பதில்லை. அப்படியிருந்தும் எல்லா வயிறும் நிரம்புவது, கிடைத்ததைப் பங்கிட்டுக்கொள்வதால்தான். ஆகவே வேட்டையைத் தவறவிட்டாலும் பந்தியைப் பிடிக்கப் பாருங்கள்.

பார்ப்பதற்கு மனம் தயாராக இருக்க வேண்டும். சிங்கம் போலக் கழுத்தை நெரிப்பதில்லை, வயிற்றைக் கிழித்துவிடும். இரத்தம் அதிகம், ஆனால் சட்டென்று முடிந்துவிடும். இந்தக் காட்சியை வைத்தே இவற்றைக் கொடூர விலங்கு என்று முத்திரை குத்தி, சென்ற நூற்றாண்டில் சில நாடுகளில் பூங்காக் காவலர்களே சுட்டுத் தள்ளினார்கள். அவர்கள் இன்னும் பத்து நிமிடம் நின்று பார்த்திருக்கலாம் என்று தோன்றும். அந்த வருடத்துக் குட்டிகள் கூட இருந்தால் வேட்டையாடிய பெரியவர்கள் விலகிக்கொள்ளும். குட்டிகள் முதலில் தின்னும், பெரியவர்கள் சுற்றி நின்று கழுதைப்புலி வருகிறதா என்று பார்க்கும். பசியோடு இருக்கும் வேட்டைக்காரன் தன் பங்கைப் பிள்ளைகளுக்கு விட்டு நிற்பதை வேறெந்தப் பெரிய ஊனுண்ணியிடமும் நீங்கள் எளிதில் பார்க்க முடியாது. சிங்கக் குடும்பத்தில் குட்டிக்குக் கடைசியில்தான் கிடைக்கும்.

நொண்டும் நாயைக் குறித்துவைத்தோமே, இப்போது தேடுங்கள். வேட்டையில் ஓடாத அது தாமதமாக வந்து சேரும். துரத்தப்படாமல் பந்தியில் இடம் கிடைக்கிறதா என்று பாருங்கள். நான் பார்த்த மூன்று முறையும் கிடைத்தது.

கழுதைப்புலிகள் வந்தால் நாய்கள் சேர்ந்து அவற்றின் பின்புறத்தைக் கடித்து விரட்டப் பார்க்கும். எண்ணிக்கைதான் முடிவு செய்யும். சிங்கம் வந்தால் சண்டை கிடையாது, ஓட்டம்தான். காட்டுநாய் குட்டிகளையும் பெரியவற்றையும் அதிகம் கொல்லும் விலங்கு சிங்கம். அப்படிச் சிதறிய பிறகு ஆந்தை அலறுவதுபோல "ஹூ, ஹூ" என்று மென்மையான ஓர் ஒலி கேட்டால், தொலைந்தவர்களைக் கூப்பிடுகிறார்கள் என்று அர்த்தம். சில கிலோமீட்டர் தூரம் கேட்கும். நீங்கள் அப்போது நடுவில் இருந்தால் வண்டியை அணைத்துவிட்டு, அவை ஒன்றுசேரும்வரை அசையாமல் இருங்கள்.

வளை

வயிறு உப்பிய நாய்கள் படுக்காமல் ஒரே திசையில் அவசரமாக ஓடினால், அதுவும் ஜூன், ஜூலை மாதம் என்றால், அங்கே வளை இருக்கிறது. வயிற்றில் உள்ளது குட்டிகளுக்கும், தாய்க்கும், காவலுக்கு நின்ற நாய்க்கும் உள்ள பங்கு. வாயோரத்தை முட்டினால் கக்கிக் கொடுக்கும். அக்கா, அண்ணன், சித்தப்பா முறை உள்ளவர்கள் எல்லோரும் ஊட்டுவார்கள். பத்துக் குட்டி என்பது சாதாரணம். ஒரு ஜோடியால் மட்டும் அத்தனை வாயையும் நிரப்ப முடியாது.

பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். வழிகாட்டியிடம் அடம்பிடிக்காதீர்கள். குட்டிகள் மூன்று நான்கு வாரம் ஆகாமல் வளையை விட்டு வராது. அதுவரை அருகே போகவே கூடாது என்பது என் கருத்து. தொந்தரவு செய்தால் தாய் குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் தூக்கிக்கொண்டு வேறு வளைக்கு மாறும். அந்த வழியில் குட்டிகள் தொலையலாம். அனுமதி உள்ள இடத்தில் போனாலும் ஒரே வண்டி, தூரத்தில், குறைந்த நேரம். இறங்குவது கிடையாது. மானா பூல்ஸில் வழிகாட்டியோடு நடந்துபோய் நாய்களைப் பார்க்கிறார்கள். அது திறந்த வெளியில் படுத்திருக்கும் நாய்களுக்குப் பொருந்தும், வளைக்கு இல்லை.

படுத்திருக்கும் நாய்கள் உங்களைப் பார்த்துத் தலையைத் தாழ்த்தி உறுமலும் குரைப்பும் கலந்த ஒலி எழுப்பினால் நீங்கள் மிக நெருங்கிவிட்டீர்கள். பின்வாங்குங்கள். மறுபடி தலைசாய்த்துப் படுக்கிறதா, அந்தத் தூரம்தான் உங்களுக்கான தூரம். வீட்டு நாயை எந்தக் காரணத்துக்காகவும் காட்டுப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். வீட்டு நாயிடமிருந்து தொற்றும் வெறிநோயும், டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயும் ஒரு முழுக் கூட்டத்தையே அழித்துவிடக் கூடியவை.

படம் எடுத்த பிறகு

அழகான முகப் படங்கள் எடுத்து முடித்ததும், ஒவ்வொரு நாயின் இடப்பக்கமும் வலப்பக்கமும் நேராகத் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். ஆய்வாளர்களுக்குப் பயன்படுவது இந்தப் படங்கள்தான். ஒகவாங்கோவில் 1989 முதல் இவற்றைத் தொடர்ந்து கவனித்துவருகிறார்கள். ஹ்வாங்கே பக்கத்தில் பெயிண்டட் டாக் கன்சர்வேஷன் என்ற அமைப்பு இருக்கிறது, அதன் மையத்துக்கே நேரில் போய்ப் பார்க்கலாம். தங்குமிடத்தில் கேட்டால் அந்தப் பகுதியில் யாரிடம் படம் தர வேண்டும் என்று சொல்வார்கள். தேதி, நேரம், இடம், எத்தனை நாய், எத்தனை குட்டி, கழுத்தில் கண்ணிக்கம்பி இறுகிய நாய் இருந்ததா என்பதைச் சேர்த்துக் கொடுங்கள். கம்பி மாட்டிய நாயைப் பார்த்தால் மட்டும் ஊர் திரும்பும்வரை காத்திருக்க வேண்டாம், அன்றே வழிகாட்டியிடமும் பூங்கா அலுவலகத்திலும் சொல்லிவிடுங்கள். படத்தில் வளை தெரிந்தால் இடக்குறிப்பை நீக்கிவிட்டு, குட்டிகள் அந்த வளையை விட்டுப் போன பிறகே வெளியிடுங்கள்.